பல் இன்சூரன்ஸா, தள்ளுபடித் திட்டமா: அமெரிக்காவில் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வழி

அமெரிக்காவில் பல் செலவைக் குறைக்க இரண்டு வகைத் திட்டங்கள் விற்கிறார்கள். பல் இன்சூரன்ஸில் மாதாமாதம் பிரீமியம் கட்டுகிறீர்கள். சிகிச்சைச் செலவில் ஒரு பங்கை நிறுவனம் டாக்டருக்குக் கொடுக்கிறது. தள்ளுபடித் திட்டத்தில் ஆண்டுச் சந்தா மட்டும்தான். அந்த நிறுவனம் டாக்டருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காது. குறைந்த கட்டணத்துக்கு டாக்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார், அந்தக் கட்டணம் முழுவதையும் அன்றைக்கே நீங்கள் கட்ட வேண்டும்.

புதிதாக எடுப்பவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் திட்டத்தை வாங்குகிறார்கள், பிறகு டாக்டரைத் தேடுகிறார்கள், நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் வாயில் என்ன வேலை இருக்கிறது என்றே தெரிகிறது. கீழே உள்ள வரிசை அதைத் தலைகீழாக்குகிறது. முதலில் பல், பிறகு தொகை, பிறகு டாக்டர், கடைசியில்தான் திட்டம்.

முகம் வீங்கி, காய்ச்சலும் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள். பல் வலிக்கிற இரவில் எந்தத் திட்டத்திலும் சேராதீர்கள்; அப்போது வாங்குவது பெரும்பாலும் தவறான திட்டமாகத்தான் இருக்கும்.

1. தொடங்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

கடந்த இரண்டு ஆண்டில் பல்லுக்குச் செய்த வேலைகளின் ரசீது, கடைசியாக எடுத்த எக்ஸ்ரே, வேலை பார்க்கும் நிறுவனம் தரும் பல் திட்டத்தின் விவரக் கையேடு, வீட்டு ஜிப் கோடு. முன்பு வேறு பல் இன்சூரன்ஸ் இருந்திருந்தால் அது எந்தத் தேதி வரை இருந்தது என்ற கடிதமும் வேண்டும். புதிய நிறுவனம் காத்திருப்புக் காலத்தை (சேர்ந்த பிறகு சில வேலைகளுக்குப் பணம் தராத ஆரம்ப மாதங்களை) விலக்குவதற்கு அந்தக் கடிதம்தான் ஆதாரம். சில திட்டங்கள், இடைவெளி இல்லாமல் மாறினால் மட்டுமே இந்தச் சலுகையைத் தரும்.

2. முதலில் வாயைக் காட்டுங்கள், சிகிச்சைப் பட்டியலை வாங்குங்கள்

ஒரு பல் டாக்டரிடம் கைக்காசு கொடுத்தாவது முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முடிவில் சிகிச்சைப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். அதில் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும்: பல்லின் எண், சிகிச்சைக் குறியீடு, டாக்டரின் வழக்கமான கட்டணம்.

அமெரிக்காவில் பெரியவர்களின் பற்களுக்கு 1 முதல் 32 வரை எண் கொடுப்பார்கள். கீழ்வரிசையில் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல் 30, இடப்பக்கம் 19. சிகிச்சைக் குறியீடு ‘டி’ (D) எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்டது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் பராமரிக்கும் பட்டியல் அது. பெரியவர்களுக்கான சாதாரண கிளீனிங் டி1110, கடைவாய்ப்பல் ரூட் கேனல் டி3330, அதன் மேல் பல்லைக் கட்டியெழுப்பும் பில்டப் டி2950, பல்லுக்கு உறை போடும் பீங்கான் கிரவுன் டி2740, மாற்றுப் பல்லுக்காக எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் திருகு டி6010.

குறியீடு எதற்கு என்றால், ‘ரூட் கேனலுக்கு எவ்வளவு?’ என்று கேட்டால் மூன்று இடத்தில் மூன்று அர்த்தத்தில் பதில் வரும். ஒருவர் ரூட் கேனல் மட்டும் சொல்வார், இன்னொருவர் கிரவுனையும் சேர்த்துச் சொல்வார், பில்டப்பை யாரும் சொல்ல மாட்டார்கள். குறியீட்டோடு கேட்டால் ஒப்பிடக்கூடிய எண் கிடைக்கும்.

எக்ஸ்ரேயை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முழு வாய் எக்ஸ்ரேயை 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறைதான் இன்சூரன்ஸ் ஏற்கும். இரண்டாவது டாக்டரிடம் போகும்போது மறுபடி எடுத்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஊரிலிருந்து வந்து முதல் தடவை டாக்டரைப் பார்க்கும் பலருக்கு ‘சாதாரண கிளீனிங் செய்ய முடியாது, டீப் கிளீனிங் (ஈறுக்கு அடியில் சுத்தம் செய்வது) வேண்டும்’ என்று சொல்வார்கள். வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு கட்டணம், குறியீடு டி4341. உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் நிறைய. ஆனால் ஒப்புக்கொள்ளும் முன் ஈறு அளவுப் பட்டியலைக் கேளுங்கள். பல்லைச் சுற்றி ஈறுக்குள் 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஆழம் இருப்பதையும், எக்ஸ்ரேயில் எலும்பு தேய்ந்திருப்பதையும் காட்டச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பணம் கொடுப்பதற்கு முன் கேட்பதும் இவற்றைத்தான். ‘இலவச கிளீனிங்’ என்று நம்பிப் போனவர் 800, 1,000 டாலர் பில்லோடு திரும்புவது இந்த இடத்தில்தான்.

3. வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள்

பட்டியலில் இருப்பதை உடனே செய்ய வேண்டியது, 6 முதல் 12 மாதத்துக்குள் செய்யலாம் என்பது, விருப்பம் என்று பிரித்து எழுதுங்கள். எது எந்த வகை என்று டாக்டரையே கேளுங்கள்.

இந்தப் பிரிவினை ஏன் என்றால், தனியாக வாங்கும் இன்சூரன்ஸ்களில் பலவற்றில் காத்திருப்புக் காலம் உண்டு. ஃபில்லிங், சாதாரணமாகப் பல் பிடுங்குவது போன்றவற்றுக்கு 6 மாதம், கிரவுன், பிரிட்ஜ், பல் செட் போன்றவற்றுக்கு 12 மாதம் என்பது வழக்கமான அளவு. உடனே செய்ய வேண்டிய பட்டியல் முழுவதும் அந்தக் காலத்துக்குள் விழுந்தால், இன்சூரன்ஸின் பெரும் பகுதி உங்களுக்கு இந்த ஆண்டு இல்லை என்று அர்த்தம்.

4. வேலையிடத் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்

இருந்தால் முடிவு பாதி முடிந்துவிட்டது. நிறுவனம் பிரீமியத்தில் ஒரு பங்கைக் கட்டுகிறது, உங்கள் பங்கும் பெரும்பாலும் வரிக்கு முன் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது, காத்திருப்புக் காலம் பல திட்டங்களில் இல்லை. மாதம் 15, 20 டாலருக்குக் கிடைக்கும் வேலையிடத் திட்டத்தைத் தள்ளுபடித் திட்டத்தால் வெல்வது அபூர்வம்.

கவனிக்க வேண்டியது தேதி. வேலைக்குச் சேர்ந்த பிறகு சேர்க்கைக்குப் பொதுவாக 30 நாள்தான். அதை விட்டால் ஆண்டு இறுதியின் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டும். இடையில் திருமணம், குழந்தை, கணவர் அல்லது மனைவியின் இன்சூரன்ஸ் போவது போன்ற மாற்றம் நடந்தால் மட்டுமே கதவு மறுபடி திறக்கும்.

வேலை போனால் கோப்ரா சட்டப்படி பழைய திட்டத்தை 18 மாதம் வரை தொடரலாம். முழுப் பிரீமியமும் 2 சதவீத நிர்வாகச் செலவும் உங்களுடையது. முடிவெடுக்க 60 நாள் உண்டு. பல் திட்டம் தனித் திட்டமாக இருந்தால் மருத்துவத்தை விட்டுப் பல்லை மட்டும் தொடர முடியுமா என்று கேளுங்கள். பாதியில் நிற்கும் ரூட் கேனலுக்கு இது உதவும்.

வேலையிடத் திட்டம் இல்லாதவர்களுக்கு அரசின் ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் பல் திட்டத்தை மட்டும் தனியாக வாங்க முடியாது. மருத்துவத் திட்டத்தோடு சேர்த்துத்தான். நிறுவனங்களிடம் நேரடியாக வாங்குவதற்கு அந்தத் தடை இல்லை.

5. இன்சூரன்ஸ் கையேட்டில் படிக்க வேண்டிய வரிகள்

விளம்பரப் பக்கத்தை விட்டுவிட்டு, விலக்குகள், வரம்புகள் என்ற தலைப்புகளுக்குப் போங்கள். விஷயம் எல்லாம் அங்கேதான்.

*திட்டத்தின் வகை.* பிபிஓ என்றால் நெட்வொர்க் டாக்டர் (நிறுவனத்தோடு கட்டண ஒப்பந்தம் உள்ளவர்) யாரிடமும் போகலாம், வெளியே போனாலும் ஓரளவு கொடுப்பார்கள். டிஎச்எம்ஓ என்றால் ஒரு டாக்டரைத் தேர்ந்து பதிய வேண்டும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் நீங்கள் கட்டும் நிலையான தொகை (கோபே) உண்டு. பிரீமியம் குறைவு, ஆண்டு உச்சவரம்பும் காத்திருப்பும் பொதுவாக இல்லை. ஆனால் சேர்ந்திருக்கும் டாக்டர்கள் குறைவு, சிறப்பு மருத்துவரிடம் போகப் பரிந்துரை வேண்டும். அருகில் நல்ல டிஎச்எம்ஓ டாக்டர் இருந்தால் இந்த மூன்றாவது வழி மற்ற இரண்டையும் தோற்கடிக்கும். இல்லாவிட்டால் வெறும் அட்டைதான்.

*100-80-50.* பெரும்பாலான பிபிஓக்களின் சூத்திரம் இது. பரிசோதனை, கிளீனிங்குக்கு 100 சதவீதம், அடிப்படை வேலைக்கு 80, பெரிய வேலைக்கு 50. ரூட் கேனல் எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். சில திட்டங்களில் அடிப்படை, சிலவற்றில் பெரிய வேலை. 900 டாலர் வேலையில் அந்த ஒரு வரி 270 டாலர் வித்தியாசம்.

*ஆண்டு உச்சவரம்பு.* நிறுவனம் ஓராண்டில் உங்களுக்காகக் கொடுக்கும் அதிகபட்சத் தொகை. 1,000 முதல் 2,000 டாலர் வரை சாதாரணம். மருத்துவ இன்சூரன்ஸில் ஓர் எல்லைக்கு மேல் நிறுவனம் முழுவதையும் ஏற்கும். இங்கே அப்படியே திருப்பிப் போட்டது போல, ஓர் எல்லைக்கு மேல் நீங்கள் முழுவதையும் ஏற்க வேண்டும். கிளீனிங் செலவும் இந்த வரம்பில் கழிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

*மிஸ்ஸிங் டூத் விதி.* இன்சூரன்ஸ் தொடங்கும் முன்பே போய்விட்ட பல்லுக்கு மாற்றுப் பல் வைத்தால் பணம் கிடையாது என்று இந்த விதி சொல்கிறது. சென்னையிலோ மதுரையிலோ பிடுங்கிவிட்டு வந்த பல்லுக்கு இங்கே இம்பிளான்ட் வைக்க நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

*மலிவு மாற்று விதி.* கடைவாய்ப்பல்லில் பல் நிற ஃபில்லிங் போட்டாலும் வெள்ளி ஃபில்லிங்குக்கு உரிய தொகையைத்தான் சில திட்டங்கள் கொடுக்கும். மிச்சம் உங்களுடையது. கிரவுனுக்கும் இப்படி உண்டு.

*எத்தனை மாதத்துக்கு ஒருமுறை.* ‘ஆண்டுக்கு இரண்டு கிளீனிங்’ என்பதும் ‘6 மாதத்துக்கு ஒன்று’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது விதியில் ஜனவரி 20-க்கு அடுத்து ஜூலை 15 போனால் ஐந்து நாள் குறைவதற்காக முழுப் பில்லும் உங்களுக்கு வரும். பழைய கிரவுனை மாற்றுவதற்கு 5 முதல் 10 ஆண்டு இடைவெளி கேட்பார்கள்.

*தொடங்கிய வேலை.* இன்சூரன்ஸ் தொடங்கும் தேதிக்கு முன் பல்லைச் செதுக்கிவிட்டால், கிரவுனைப் பிறகு ஒட்டினாலும் பணம் வராது.

6. தள்ளுபடித் திட்டத்தில் படிக்க வேண்டியவை

தனிநபருக்கு ஆண்டுச் சந்தா சுமார் 100 முதல் 200 டாலர். காத்திருப்பு இல்லை, உச்சவரம்பு இல்லை, பழைய நோய் பற்றிய கேள்வி இல்லை. சேர்ந்த சில நாளில் அட்டை செயல்படும். இன்சூரன்ஸில் வலிக்கும் எல்லா இடத்திலும் இது வலிக்காது. கொடுப்பதற்கு எதுவும் இல்லை என்பதால் மறுப்பதற்கும் எதுவும் இல்லை.

‘60 சதவீதம் வரை’ என்ற சொல்லில் ‘வரை’ என்பதைத்தான் படிக்க வேண்டும். 60 சதவீதம் ஏதோ ஒரு சின்ன வேலைக்கு இருக்கும். கிரவுனுக்கு 35 இருக்கலாம், சிறப்பு மருத்துவரிடம் 15 அல்லது 20 இருக்கலாம். அதுவும் எதிலிருந்து கழிக்கிறார்கள்? டாக்டரின் வழக்கமான கட்டணம் ஒவ்வொரு ஊருக்கும் மாறும். ஆகவே சதவீதத்தைத் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் ஜிப் கோடுக்கான கட்டணப் பட்டியலைக் கேளுங்கள். 2-ஆம் படியில் வாங்கிய குறியீடுகளை அதில் தேடி டாலரில் எழுதுங்கள். குறியீட்டுக்கு எதிரே டாலர் இல்லாமல் சதவீதம் மட்டும் தரும் திட்டத்தில், டாக்டரின் கட்டணத்தை நீங்களே கேட்டுக் கழிக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாதவை தனிக் கதை. உயர்தரப் பீங்கானுக்குக் கூடுதல், லேப் செலவு, லேசர், ஈறுக்குள் மருந்து வைப்பது இவை பட்டியலுக்கு வெளியே இருந்தால் தள்ளுபடிக்கும் வெளியேதான்.

பெயரில் ஏமாறாதீர்கள். கேரிங்டன் போன்றவை தள்ளுபடித் திட்டத்துக்கென்றே அறியப்பட்டவை. ஆனால் அட்னா டென்டல் ஆக்சஸ் என்பது தள்ளுபடி நெட்வொர்க், அட்னா டென்டல் பிபிஓ என்பது இன்சூரன்ஸ். பெயரின் முதல் பாதி ஒன்று என்பதால் ‘இன்சூரன்ஸ் எடுத்துவிட்டேன்’ என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. தள்ளுபடித் திட்டத்தின் ஆவணத்தில் ‘இது இன்சூரன்ஸ் அல்ல’ என்ற வரி இருக்கும். அதைத் தேடுங்கள்.

இவற்றைத் தவிர, பல் மருத்துவமனைகளே தங்கள் சொந்த உறுப்பினர் திட்டம் நடத்துகின்றன. ஆண்டுக்கு ஒரு தொகைக்கு இரண்டு கிளீனிங், பரிசோதனை, எக்ஸ்ரே இலவசம், மற்ற வேலைக்கு 10 முதல் 20 சதவீதம் கழிவு என்பது போல இருக்கும். பிடித்த டாக்டர் எந்த நெட்வொர்க்கிலும் இல்லையென்றால் இதைக் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் செல்லும் என்பதால், வீடு மாறும் திட்டம் இருப்பவர்களுக்கு ஏற்றதல்ல.

7. பணம் கட்டும் முன் டாக்டர் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்

இணையத்தில் உள்ள டாக்டர் பட்டியல்கள் பல நேரம் பழையவை. அதை நம்பிச் சந்தா கட்டாதீர்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ‘என் இன்சூரன்ஸை ஏற்றுக்கொள்வீர்களா?’ என்பது அல்ல. அதற்கு எல்லோரும் ‘ஆமாம்’ என்பார்கள். நெட்வொர்க்கில் இல்லாமலேயே படிவத்தை அனுப்பித் தருவதையும் அவர்கள் ‘ஏற்பது’ என்றுதான் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இன்சூரன்ஸ் கொடுத்தது போக மிச்சம் முழுவதையும் உங்களிடம் வாங்கலாம்.

‘இந்தக் கிளையில், இந்த டாக்டர், இந்தத் திட்டத்தின் இந்த நெட்வொர்க்கில் ஒப்பந்தத்தில் இருக்கிறாரா?’ என்று கேளுங்கள். டெல்டா டென்டல் என்ற இன்சூரன்ஸ் நிறுவனத்தில் பிபிஓ, பிரீமியர் என்று இரண்டு நெட்வொர்க் உண்டு. இரண்டும் ஒப்பந்தம்தான், ஆனால் பிரீமியரில் கட்டணம் அதிகம். ‘டெல்டா எடுப்போம்’ என்ற பதிலில் எது என்று தெரியாது.

தள்ளுபடித் திட்டமானால், ‘இந்த அட்டைக்கு டி2740-க்கு எவ்வளவு?’ என்று ஒரு குறியீட்டைச் சொல்லிக் கேளுங்கள். வரவேற்பில் இருப்பவர் உடனே பட்டியலைத் திறந்தால் அவர்கள் அந்தத் திட்டத்தை உண்மையில் கையாள்கிறார்கள். ‘வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் வேறு இடம் பாருங்கள். ரூட் கேனலுக்குச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவார்கள் என்றால் அவரையும் தனியாக விசாரியுங்கள்.

8. கணக்கு

கீழே உள்ள எண்கள் மாதிரிக்கு. உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். தனியாக வாங்கிய பிபிஓ: மாதம் 40, ஆண்டுக்கு 480 டாலர், டிடக்டிபிள் (நிறுவனம் கொடுக்கத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டியது) 50, 100-80-50, உச்சவரம்பு 1,500, கிளீனிங்கும் அதில் கழியும். தள்ளுபடித் திட்டம்: ஆண்டுக்கு 140.

அ. பல் நன்றாக இருக்கிறது. இரண்டு பரிசோதனை, இரண்டு கிளீனிங், ஒரு எக்ஸ்ரே. டாக்டரின் வழக்கமான கட்டணம் 420. கைக்காசு கொடுத்தால் 420. தள்ளுபடித் திட்டத்தில் சந்தா 140 + பட்டியல் கட்டணம் 260 = 400. சொந்த பிபிஓவில் பிரீமியம் 480, கிளீனிங்குக்கு எதுவுமில்லை. மூன்றில் அதிகம் இதுதான். மாதம் 15 டாலர் வேலையிடத் திட்டமானால் 180. ஆகவே பல்லில் பிரச்சினை இல்லாதவர் சொந்தக் காசில் இன்சூரன்ஸ் வாங்கினால், அது இனி வரக்கூடிய செலவுக்குக் கட்டும் காப்புத்தொகை, சேமிப்பு அல்ல.

ஆ. அதோடு ஒரு கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கேனல், பில்டப், கிரவுன். வழக்கமான கட்டணம் 1,300 + 350 + 1,500 = 3,150. பிபிஓ ஒப்பந்தக் கட்டணம் 900 + 220 + 1,000 = 2,120. தள்ளுபடிப் பட்டியலில் 950 + 240 + 1,060 = 2,250.

தள்ளுபடித் திட்டத்தில் மொத்தம் 140 + 260 + 2,250 = 2,650.

காத்திருப்பு இல்லாத பிபிஓவில்: ரூட் கேனலுக்கு 900-இல் டிடக்டிபிள் 50 போக 850-இன் 80 சதவீதம் 680. பில்டப்புக்குப் பாதி 110. கிரவுனுக்குப் பாதி 500. கூட்டினால் 1,290. ஆனால் பரிசோதனை, கிளீனிங், எக்ஸ்ரே ஒப்பந்தக் கட்டணமாக ஏற்கெனவே 250 எடுத்துவிட்டன. 1,500-இல் மிச்சம் 1,250. ஆகவே நிறுவனம் கொடுப்பது 1,250, நீங்கள் 870. பிரீமியத்தோடு 1,350. இன்சூரன்ஸ் 1,300 டாலர் வித்தியாசத்தில் ஜெயிக்கிறது.

அதே பிபிஓவில் காத்திருப்புக் காலம் ஓடிக்கொண்டிருந்தால், நெட்வொர்க் டாக்டர் ஒப்பந்தக் கட்டணத்தை மட்டும் வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், 2,120 + 480 = 2,600. தள்ளுபடித் திட்டத்துக்கும் இதற்கும் 50 டாலர்தான் வித்தியாசம். காத்திருக்கும் காலத்தில் இன்சூரன்ஸ் என்பது கிளீனிங் சேர்த்த, விலை கூடிய தள்ளுபடித் திட்டம்.

இ. மேற்சொன்னதோடு ஓர் இம்பிளான்ட். வழக்கமாக 4,500, ஒப்பந்தத்தில் 3,400, தள்ளுபடியில் 3,300. உச்சவரம்பு தீர்ந்துவிட்டதால் பிபிஓவில் முழு 3,400 உங்களுடையது: 1,350 + 3,400 = 4,750. தள்ளுபடியில் 2,650 + 3,300 = 5,950. வேலை இரண்டு மடங்குக்கு மேல் ஆனாலும் இன்சூரன்ஸின் லாபம் 1,300-இலிருந்து 1,200 ஆகிறதே தவிர வளரவில்லை.

அந்தத் திட்டம் இம்பிளான்டை ஏற்கவே ஏற்காது என்றால் நிலைமை மாறும். இன்சூரன்ஸ் ஏற்காத வேலைக்கு டாக்டர் தன் முழுக் கட்டணத்தை வாங்கலாம் என்று பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. அப்போது 1,350 + 4,500 = 5,850. வித்தியாசம் வெறும் 100.

இந்த மூன்றிலும் ஓடும் ஒரே கணக்கு இதுதான்: இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுக்கும் பணத்தில் ஓராண்டில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச லாபம், உச்சவரம்பு கழித்தல் பிரீமியம். 1,500 - 480 = 1,020. ஆ-வில் தள்ளுபடித் திட்டத்தோடு ஒப்பிட்டபோது அதன் சந்தா 140-உம், ஒப்பந்தக் கட்டணம் குறைவாக இருந்ததில் 140-உம் சேர்ந்துதான் 1,300 ஆனது. அந்த 1,500-இல் எவ்வளவை உங்கள் சிகிச்சைப் பட்டியல் இந்த ஆண்டு உண்மையில் வெளியே எடுக்கும் என்பதை மட்டும் கண்டுபிடியுங்கள். எடுக்கும் தொகை, இரண்டு திட்டங்களின் விலை வித்தியாசத்தைவிட (இங்கே 340) தெளிவாக அதிகமென்றால் இன்சூரன்ஸ். குறைவென்றால் தள்ளுபடித் திட்டம், அல்லது வெறும் கைக்காசு.

9. தேதிகளை அமையுங்கள்

உச்சவரம்பு பெரும்பாலும் ஜனவரியில் புதுப்பிக்கப்படும். சில வேலையிடத் திட்டங்களில் வேறு மாதம். இரண்டு கிரவுன் வேண்டுமென்றால் ஒன்றை நவம்பரிலும் ஒன்றை ஜனவரியிலும் வைத்தால் இரண்டு ஆண்டின் வரம்பும் கிடைக்கும். ஆனால் பணம் எந்தத் தேதிக்குக் கணக்காகும் என்று கேளுங்கள். பல்லைச் செதுக்கும் நாளா, கிரவுனை ஒட்டும் நாளா? பல திட்டங்கள் ஒட்டும் நாளை எடுக்கின்றன. டிசம்பர் கடைசியில் செதுக்கினால் ஜனவரிக் கணக்கில் போய் விழும்.

ரூட் கேனல் முடிந்த கடைவாய்ப்பல்லை இன்சூரன்ஸுக்காக மாதக்கணக்கில் கிரவுன் இல்லாமல் விடாதீர்கள். பல் இரண்டாகப் பிளந்தால் அடுத்த செலவு இம்பிளான்ட். சில வார இடைவெளி சரி என்று டாக்டர் சொன்னால் மட்டும் தள்ளுங்கள்.

எஃப்எஸ்ஏ கணக்கு (வரிக்கு முன் சம்பளத்திலிருந்து சிகிச்சைச் செலவுக்கு ஒதுக்கும் பணம்) இருந்தால் அதையும் இந்தத் தேதியோடு கோர்க்கலாம். 2025-இல் உச்சம் 3,300 டாலர், 2026-இல் 3,400. ஆண்டு முழுதுக்கும் ஒப்புக்கொண்ட தொகையை, சம்பளத்தில் பிடித்து முடிக்கும் முன்பே, முதல் நாளிலிருந்து செலவழிக்கலாம். தள்ளுபடித் திட்டத்தில் டாக்டருக்கு அன்றே முழுத் தொகை கட்ட வேண்டும் என்ற சிரமத்துக்கு இது நல்ல மருந்து. இன்சூரன்ஸ் பிரீமியத்தை இதில் கட்ட முடியாது. எச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள், பல்லுக்கும் கண்ணுக்கும் மட்டுமான வரம்புக்குட்பட்ட எஃப்எஸ்ஏவைத் தங்கள் நிறுவனம் தருகிறதா என்று கேட்கலாம்.

10. குழந்தைகள், தம்பதிகள், ஊரிலிருந்து வரும் பெற்றோர்

கணவன், மனைவி இருவருக்கும் வேலையிடத் திட்டம் இருந்தால் குழந்தைகளுக்கு எது முதல் இன்சூரன்ஸ் என்பதைப் பிறந்தநாள் விதி தீர்மானிக்கும். ஆண்டில் யாருடைய பிறந்தநாள் முதலில் வருகிறதோ அவருடையது முதல். வயது கணக்கில்லை. இரண்டு திட்டத்திலும் சேர்த்தால் இரட்டிப்பு வரும் என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது திட்டத்தில் ‘இரட்டிப்பு இல்லை’ என்ற விதி இருந்து, முதல் திட்டம் 50 சதவீதம் கொடுத்து, இரண்டாவதும் 50 சதவீதத் திட்டமென்றால் அது எதுவும் கொடுக்காது.

பல்லுக்குக் கம்பி கட்டுவதற்குத் தனி வரம்பு. ஆண்டுக்கு அல்ல, வாழ்நாளுக்கு. வயது எல்லையும் இருக்கும். பெரியவர்கள் கம்பி கட்டத் தள்ளுபடித் திட்டம் பெரும்பாலும் பயன்படும்.

பார்வையாளர் விசாவில் வரும் அப்பா, அம்மாவுக்கு எடுக்கும் பயண இன்சூரன்ஸ், திடீர் வலிக்கோ விபத்துக்கோ ஒரு சிறு தொகைதான் தரும். செட் பல் உடைந்தாலோ பழைய சொத்தைக்கோ அது வராது. ஆறு மாதம் தங்கப் போகிறவர்களுக்குப் புறப்படும் முன் ஊரிலேயே ஒருமுறை பல்லைக் காட்டிவிட்டு வருவது எல்லாத் திட்டத்தையும்விட மலிவு. இங்கே வந்த பிறகு தேவை வந்தால் காத்திருப்பில்லாத தள்ளுபடித் திட்டம் பொருந்தும். 65 வயதுக்கு மேல் இங்கேயே வசிப்பவர்களுக்கும் ஒரு சொல்: முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான அசல் மெடிகேரில் வழக்கமான பல் சிகிச்சை சேராது.

விடுமுறைக்குப் போகும்போது ஊரில் இம்பிளான்ட் வைக்க நினைப்பவர்கள் நாள்கணக்கைப் பாருங்கள். திருகு எலும்போடு சேர 3 முதல் 6 மாதம் ஆகும். மூன்று வார விடுமுறையில் முடியாது. திருகின் நிறுவனம், அளவு எழுதிய அட்டையை வாங்கி வராவிட்டால் இங்குள்ள டாக்டர் மேல்பல் வைக்கத் தயங்குவார்.

11. சேர்ந்த பிறகு

இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் 300 டாலருக்கு மேற்பட்ட எந்த வேலைக்கும் முன்மதிப்பீடு அனுப்பச் சொல்லுங்கள். டாக்டர் எக்ஸ்ரேயோடு அனுப்புவார், சில வாரத்தில் யார் எவ்வளவு என்று எழுத்தில் வரும். அது உறுதிமொழி அல்ல, ஆனால் மிஸ்ஸிங் டூத், மலிவு மாற்று போன்ற விதிகள் வேலைக்கு முன்பே வெளியே வந்துவிடும்.

வேலை முடிந்ததும் நிறுவனம் தான் கொடுத்தது எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்று காட்டி அனுப்பும் இஓபி தாளையும் டாக்டரின் பில்லையும் பக்கத்தில் வையுங்கள். நெட்வொர்க் டாக்டரின் பில்லில் ‘நோயாளி பொறுப்பு’ என்று இஓபி காட்டும் தொகையைவிட அதிகம் இருந்தால் கட்டாமல் கேளுங்கள். பாதி நேரம் ஒப்பந்தக் கழிவைப் போட மறந்திருப்பார்கள். மறுத்துவிட்டார்கள் என்றால் காரணத்தைப் படியுங்கள். ‘எக்ஸ்ரே இல்லை’, ‘விளக்கம் போதாது’ என்பவை மறுபடி அனுப்பினால் தீரும். கிரவுனுக்கு, உடைந்த பல்லின் புகைப்படத்தைச் சேர்த்து மேல்முறையீடு செய்யச் சொல்லுங்கள்.

தள்ளுபடி அட்டையை நாற்காலியில் உட்காரும் முன் காட்டுங்கள். பில் போட்ட பிறகு காட்டினால் பல இடங்களில் செல்லாது. ஒவ்வொரு வரியையும் கட்டணப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். திட்டம் சொன்னபடி இல்லையென்றால் ஒப்பந்தத்தில் 30 நாளுக்குள் ரத்து செய்து பணம் திரும்பப் பெறும் வரி இருக்கிறதா என்று பார்த்து, எழுத்தில் ரத்து செய்யுங்கள். பெரும்பாலான தள்ளுபடித் திட்டங்கள் ஆண்டு முடிவில் தானாகவே கார்டில் பணம் எடுத்துப் புதுப்பித்துக்கொள்ளும். அதற்கு 30 நாள் முன்பு காலண்டரில் ஒரு குறிப்பு போட்டு வைத்து, அன்றைக்குப் பல் டாக்டரிடம் புதிய சிகிச்சைப் பட்டியலைக் கேட்டு, 8-ஆம் படிக் கணக்கை மறுபடி போடுங்கள்.